குவியலில் சாகும் கரிசல்

சுரங்கத் திட்ட வரைபடத்தை விரித்தால் ஒரு மூலையில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். உள்ளே ‘மேல்மண் சேமிப்பு’ என்று எழுதியிருக்கும். பார்க்கிறவர் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காகிதத்தில் இருக்கும் அந்தக் கட்டம் தரையில் என்ன கதியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

விதி இல்லாமல் இல்லை. 1988-ல் வந்த கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. 2017-ல் புது விதிகள் வந்தபோதும் அது போகவில்லை. மேல்மண்ணைத் தனியாக எடு, நிலத்தைச் சீர்செய்யப் பயன்படுத்து, உடனே முடியாவிட்டால் தனியாகச் சேமித்து வை. இந்தக் கடைசி வரியில்தான் வில்லங்கம். எத்தனை வருஷம் வைக்கலாம், எவ்வளவு உயரம் குவிக்கலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கிற மாதிரி மண்ணையும் வைத்துவிடலாம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒரு ஏக்கரில் ஓரடி மண்ணை வழித்தால் சுமார் 1,200 கன மீட்டர் வரும். பத்து கன மீட்டர் பிடிக்கிற டிப்பருக்கு 120 நடை. இத்தனையையும் பரப்பி வைக்க யார் இடம் தருவார்கள்? அதனால் மேலே மேலே கொட்டுவார்கள். டிப்பர் குவியல்மேல் ஏறிக் கொட்டும், டோசர் பின்னாலேயே வந்து நிரவும். எங்கள் ஊர் மண்ணோ கரிசல். ஈரத்தோடு வழித்து, வண்டி ஏற்றி மிதித்தால் அதன் பொலபொலப்பு அன்றைக்கே போய்விடும். ஐப்பசி மழைக்கு முன்னால் டார்கெட்டை முடிக்க வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களிடம் இதையெல்லாம் யார் சொல்வது!

சில மழைக்காலம் கண்ட குவியலை எக்ஸ்கவேட்டர் வெட்டும்போது கிட்டே நின்று பாருங்கள். மேலே முக்கால் அடிக்குப் புல்வேர் ஓடியிருக்கும். எறும்பு, பூச்சி, மண்வாசனை எல்லாம் இருக்கும். இன்னும் ஓர் ஆள் உயரம் கீழே போனால் கட்டிகட்டியாக, சில இடத்தில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் வரும். விரலில் வைத்து நசுக்கினால் வழுவழுவென்று ஒட்டும். முகர்ந்தால் சாக்கடை வாடை. காற்றுப் புகாத இடத்தில் நல்ல நுண்ணுயிர்கள் மடிந்துவிடுகின்றன. உயிருள்ள வேர் இல்லாததால், பயிருக்குச் சத்தை இழுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சையும் நாளாக நாளாகக் குறைந்துபோகிறது. விதைகள் அழுகிவிடுகின்றன. பதினைந்து வருஷம் கழித்து இதை எடுத்துப் பரப்பிவிட்டு, சீரமைப்பு முடிந்தது என்று போர்டு வைத்தால், அங்கே சீமைக்கருவேலம்தான் முதலில் குடியேறும்.

ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் ஜர்ரா மரக்காட்டுக்குள் பாக்சைட் எடுக்கிறார்கள். அங்கே மேலே உள்ள அரையடி மண்ணை மட்டும் முதலில் தனியாக வழித்து, முடிந்தவரை அப்படியே கொண்டுபோய், ஏற்கெனவே தோண்டி முடித்த பக்கத்துக் குழியில் பரப்புகிறார்கள். நடுவில் குவியலே கிடையாது. காட்டுச் செடிகளின் விதை பெரும்பாலும் அந்த மேல்மண்ணில்தான் இருக்கிறது. குவித்து வைத்தால் முளைப்பது குறைகிறது என்று அளந்து பார்த்தே இந்த முறைக்கு வந்தார்கள். அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1977-ஆம் வருஷச் சட்டமும், மண்ணைச் சீக்கிரம் திரும்பப் போட முடியாவிட்டால் அதன்மேல் வேகமாக வளரும் செடியைப் போட்டு மூடச் சொல்கிறது.

நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் குழியில் அடிவரை கல் எடுத்து முடியாமல் மூட முடியாதே என்பார்கள். உண்மைதான். எடுத்த கல்லெல்லாம் ஆலைக்குப் போய்விடுவதால் குழியை நிரப்பவும் மண் போதாது. பல குழிகள் கடைசியில் குட்டையாகத்தான் நிற்கும். குட்டையாகப் போகிற குழிக்கு எதற்காக மண்ணை இருபது வருஷம் காவல் காக்க வேண்டும்? வழித்த மண்ணை அந்த வருஷமே கழிவு மேட்டுச் சரிவிலும், வேலை முடிந்த மேல்படிகளிலும் போடலாம். அதற்கும் மிஞ்சினால், பக்கத்துக் கிராமத்தில் ஏற்கெனவே பாழான பொது நிலத்துக்குக் கொடுக்கலாம். அதற்குத் தோதாக விதியைத் திருத்த வேண்டும். குவியலுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் உயரம் கூடாது, இரண்டு வருஷத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கொட்டிய உடனே சணப்போ கொழிஞ்சியோ விதைக்க வேண்டும் என்று எழுதுங்கள். களிமண்ணுக்கு இரண்டு மீட்டரே அதிகம் என்பது என் கட்சி.

செலவு ஆகும் என்று கம்பெனிகள் முனகும். மண்ணைக் குவித்து வைத்து மறுபடி அள்ளுவது இரண்டு வேலை, இரண்டு டீசல். அள்ளியதை நேரே பரப்பினால் ஒரே வேலை. சுரங்கத்தில் கணக்குப் பார்க்கிற எவருக்கும் இது தெரியும். ஆனால் பரப்ப வேண்டிய இடத்தை முன்கூட்டியே தயார் செய்து வைக்கத் திட்டம் வேண்டும், அங்கேதான் சுணக்கம். அடுத்த முறை ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால் வேலை, ரோடு, தண்ணீர் எல்லாம் கேளுங்கள். கூடவே, பழைய மேல்மண் குவியலில் எந்த வருஷத்து மண் கிடக்கிறது, அதை ஓரத்தில் வெட்டிக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.