தீ எந்தப் பக்கம் பாயும்?

உறைபனிக் காலம் முடிந்து மாசி பிறந்ததும் கோத்தகிரி மலைச்சரிவுகளில் புல் காய்ந்து சருகாகிறது. உண்ணிச்செடிப் புதர்கள் விறகாய் நிற்கின்றன. அணையாத ஒரு பீடித்துண்டு போதும், மலை பற்றிக்கொள்ளும். அப்போது முதலில் ஓடுகிறவர் யார்? கூலிக்கு அமர்த்தப்பட்ட தீக்காவலர்தான். பக்கத்து இருளர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களும் அவர்களில் உண்டு. கையிலே பச்சைத் தழைக் கொத்து. எதிரே ஆளுயரத் தீ. அது எந்தப் பக்கம் பாயும் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் யார்? இதுதான் நமது கேள்வி.

தீ தன் இஷ்டத்துக்குப் போவதில்லை. கரும்புத் தோட்டத்தில் சோகை கொளுத்தும் விவசாயத் தொழிலாளிக்கு இது தெரியும். காற்றைப் பார்த்துத்தானே அவர் நெருப்பு வைக்கிறார்? மலையில் சரிவும் சேர்ந்துகொள்கிறது. மேல்நோக்கி எரியும் தீ, தனக்கு முன்னாலுள்ள புல்லைச் சுட்டுக் காயவைத்துக்கொண்டே ஏறுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்போர் கைக்கணக்கு. காற்று, சரிவு, காய்ந்த சருகு: இந்த மூன்றையும் அறிந்தால் தீயின் பாதையைக் கணக்கிடலாம்.

இந்த விஞ்ஞானம் உயிர்களை விலையாகக் கொடுத்து வளர்ந்தது. 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவில் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில், காய்ந்த புல் சரிவில் ஏறி வந்த தீ 13 தீயணைப்புத் தொழிலாளிகளைக் கொன்றது. அதன் பிறகுதான் தீயின் போக்கைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பெற்றது. 1972-ல் ராதெர்மல் என்பவர் தீ பரவும் வேகத்துக்குக் கணக்கு வகுத்தார். இன்றும் பல நாடுகளின் கம்ப்யூட்டர்கள் அந்தக் கணக்கைப் போடுகின்றன.

நம் நாட்டிலும் வசதி இல்லாமல் இல்லை. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் கண்ட தீயைப் பற்றி செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் அது தீ இருக்கும் இடத்தைச் சொல்லும் செய்தி. செயற்கைக்கோள் மறுபடி தலைக்கு மேல் வருவதற்குப் பல மணி நேரமாகும். அதற்குள் தீ அடுத்த மலையில் இருக்கும்! 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட் டேல் பகுதியில் நாட்கணக்கில் தீ எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையிலிருந்து அள்ளிச் சுமார் 16,000 லிட்டர் நீரைக் கொட்டியது. நல்லதுதான். ஆனால் ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பும், வந்து போன பின்பும் சரிவில் நிற்பவர்கள் மனிதர்களே.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2020 பிப்ரவரியில் கேரளத்தின் கொட்டம்பத்தூரில், தீயணைக்கப் போன மூன்று வனக்காவலர்கள் வீடு திரும்பவில்லை. இவையெல்லாம் விதி என்று சொல்லி நாம் கைகட்டி நிற்பதா?

"மலைக்காற்று நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், கணக்கு பொய்க்கும்" என்பார்கள் சிலர். பொய்க்கும்தான். அந்நிய நாட்டுப் புல்லுக்குப் போட்ட கணக்கு நம் உண்ணிச்செடிக்கு அப்படியே பொருந்தாது. ஆகவேதான் நம் சரிவுகளில் அளந்து பார்க்க வேண்டும். பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேலேறுவதையும், இரவில் கீழிறங்குவதையும் தினமும் காணும் காவலரின் அனுபவத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நாம் கேட்பது இதுதான். தீக்காலத்துக்கு முன்பே ஒவ்வொரு சரிவுக்கும் வரைபடம் வேண்டும். அதில் தப்பும் வழி குறிக்கப்பட வேண்டும். அன்றைய காற்றும், தீ பாயக்கூடிய திசையும் தமிழில், வயர்லெஸ் மூலம் சரிவில் நிற்பவர் காதுக்கு எட்ட வேண்டும். ஆபத்து என்று கண்டால், கூலி பிடித்தமின்றிப் பின்வாங்க அவருக்கு உரிமை வேண்டும். நிரந்தர வேலையும் இன்ஷூரன்சும் வேண்டும்.

எரிந்த காடு மறுபடி துளிர்க்கலாம். எரிந்துபோன தொழிலாளி திரும்பி வரமாட்டார். தீயின் பாதையைச் சொல்லும் கணக்கு, ஆபீஸ் மேஜையில் கிடந்து யாருக்கு என்ன லாபம்? அது சரிவில் நிற்பவர் கைக்கு வந்து சேரட்டும்!