மரத்தால் கரண்ட் போகுது... மரத்தாலேயே கரண்ட் வருமா? செண்பகனூரில் ஒரு கணக்கு

கொடைக்கானல்:
காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் போதும். செண்பகனூர் பக்கம் மரம் சாயும், கம்பி அறுந்து கரண்ட் போகும். இத்தனை மரத்தையும் எரித்து கரண்ட் எடுத்தால் என்ன என்ற கேள்வி எழத்தானே செய்யும்?

கேள்வியில் நியாயம் இருக்கு. வாட்டில், யூகலிப்டஸ், பைன் எல்லாமே வெளியிலிருந்து வந்த மரங்கள். தோல் பதனிடவும், கூழ் ஆலைக்கும், விறகுக்கும் நட்டவை. 1973 முதல் 2014-க்குள் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது 2018-ல் வெளியான செயற்கைக்கோள் ஆய்வு.

கீழே என்ன நடந்தது?

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல மரத்தை எரித்து, நீராவியில் டர்பைன் சுற்றி கரண்ட் எடுத்தார்கள். விறகு விலை ஏறியது. யூனிட்டுக்குக் கிடைத்த காசு கட்டுப்படியாகவில்லை. தமிழகத்தில் இப்படிப்பட்ட பல ஆலைகள் முடங்கின.

தினம் 30 லாரி

ஒரு யூனிட்டுக்கு சுமார் 1.25 கிலோ விறகு. 10 மெகாவாட் நிலையம் நாள் முழுக்க ஓடினால் 2.40 லட்சம் யூனிட்; அதற்கு 300 டன் விறகு. பத்து டன் லாரி என்றால் தினம் 30 நடை! ஈர மரம் என்றால் இன்னும் கூடும். சீசன் நேரத்தில் மலைப்பாதை தாங்குமா?

சட்டமும் குறுக்கே நிற்குது. 2013-ல் கொடைக்கானல் வனப்பகுதி சரணாலயமானது. சரணாலயத்தில் எடுக்கும் வனப்பொருளை சுற்றுப்புற மக்களின் சொந்தத் தேவைக்குத் தரலாம். வியாபாரத்துக்குக் கூடாது என்கிறது வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 29-வது பிரிவு.

வெட்டினால் போகுமா?

வாட்டில் விதை பல வருஷம் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கும்பலாக முளைக்கும். திரும்பத் திரும்பப் பிடுங்கினால்தான் புல் திரும்பும். ஆனால் ஆலை கட்டியவருக்கு அடுத்த வருஷமும் விறகு வேணும். மரம் ஒழியணும் என்பது மலையின் தேவை. ஒழியக் கூடாது என்பது கொதிகலனின் தேவை. ரெண்டும் ஒத்துப்போகாது.

சின்ன அளவில் வழி இருக்கு. கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சியில் 2003-ல் மரக்கழிவை வாயுவாக்கி, 9 கிலோவாட் மின்சாரத்தில் குடிநீர் மோட்டாரை ஓட்டினார்கள். ரோட்டில் விழும் மரம், தோட்டங்களில் கழிக்கும் கிளை... இதை வைத்து ஊர் மோட்டாரை ஓட்டலாம். ஊருக்கே கரண்ட் தர மலையை நம்பினால், மலைதான் மொட்டையாகும்.