ரணசிகிச்சையும் மரணக் கணக்கும்

பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், ஜில்லா கலெக்டர் உறவினரையும் வைத்தியர்களையும் அழைத்து விசாரிக்கும் முறை நம் நாட்டில் உண்டு. 2004-லேயே அத்தகைய ஒவ்வொரு மரணத்தையும் ஆராய வேண்டுமெனத் தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தரவிட்டது. வேங்கிக்காலிலுள்ள நமது கலெக்டர் கச்சேரியும் அக்கடமைக்குக் கட்டுப்பட்டதே. ஆனால், குடலிறக்கத்திற்காக ரணசிகிச்சை செய்துகொண்ட குடியானவன் பத்தாம் நாள் மாண்டால், அதே கண்டிப்புடன் கேட்பார் யார்?

இதற்கு வழி முன்னரே காட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் 3 வட்டாரங்களில் சுமார் 5 லட்சம் ரணசிகிச்சைகளுக்குப்பின் 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, 1987-ல் அறிக்கை வெளியிட்டனர். பெரும்பாலோர் முதுமையாலும் கடும் நோயாலும் இறந்தவர்களே. ஆயினும், அனுபவம் போதாத இளம் வைத்தியர் மூத்தோரைக் கலவாமல் கத்தியெடுத்த உண்மையும் வெளிப்பட்டது. பெயர்களை இரகசியமாக வைத்ததனாலன்றோ அவ்வுண்மை வெளிவந்தது!

நாம் கோருவது தண்டனையன்று. குற்றவாளிக் கூண்டைக் காட்டினால் உண்மை ஒளிந்துகொள்ளும் என்பதை நியாயஸ்தலமறிந்த எவரும் ஒப்புவர். ரத்தம் தயாராயிருந்ததா, மயக்கமருந்து கொடுத்தவர் யார், இரவில் நோயாளியைக் கவனித்தவர் யார் என்று ஒவ்வொரு ரணசிகிச்சைப் பகுதியும் மாதந்தோறும் தன்னையே விசாரிக்கட்டும். மொத்தக் கணக்கை ஜனங்களுக்கு வெளியிடட்டும். வரிப்பணத்திற்குத் தணிக்கை உண்டு. உயிருக்கு வேண்டாமா?