கொட்டைக்குள் இருக்கும் வண்டு



பெரியகுளத்து மாம்பழங்களை நீங்கள் சுவைத்திருப்பீர்கள். தோல் பளபளப்பாக இருக்கும். மணத்திலும் நிறத்திலும் குறை இராது. ஆனால் சில பழங்களின் கொட்டையைப் பிளந்து பார்த்தால், உள்ளே ஒரு கூன்வண்டு இருக்கும்! காய் இளசாக இருக்கும்போதே தாய் வண்டு அதன் தோலில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் புகுந்துவிடுகிறது. காய் வளர வளர, துளைத்த வழி ஆறி மூடிக்கொள்கிறது. பழங்களைத் தரம் பிரிப்பவரின் கண்ணுக்கும் இது தெரிவதில்லை.

கணிப்பொறிக்கு எழுதும் நிரல்களிலும் இத்தகைய வண்டுகள் உண்டு. நிரலில் உள்ள பிழையை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்றே அழைக்கிறார்கள். சோதனையில் தேறிவிட்டதாலேயே ஒரு நிரல் பிழையற்றது என்று நம்புவது தவறு என்பது என் கருத்து. இதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுகிறேன்.

இணையத்தில் செல்லும் செய்திகளைப் பிறர் படிக்காதபடி பூட்டி அனுப்புவதற்கு 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் நிரல் நூலகம் உலகெங்கும் பயன்படுகிறது. நிரல் நூலகம் என்பது, பலரும் எடுத்துத் தத்தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்வதற்காக எழுதி வைக்கப்பட்ட நிரல்களின் தொகுப்பு ஆகும். இந்நூலகம் சி மொழியில் எழுதப்பட்டது. திறந்த மூல வகையைச் சேர்ந்தது. அதாவது, இதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம். 'டெபியன்' என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பிலும் இது உண்டு. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்', டெபியனை அடித்தளமாகக் கொண்டதே.

பூட்டுக்குச் சாவி வேண்டுமல்லவா? இங்கே சாவி என்பது, பிறர் ஊகிக்க முடியாத மிகப் பெரிய எண். அதை ஆக்குவதற்காக, நூலகம் கணிப்பொறியின் பல இடங்களிலிருந்து ஒழுங்கற்ற எண்களைத் திரட்டி ஒன்றாகக் கலக்கும். மதிப்பு எதுவும் இடப்படாத நினைவகத்தை இந்த நிரல் படிக்கிறது என்று 'வால்கிரைண்ட்' என்னும் சோதனைக் கருவி எச்சரித்தது. சி மொழியில் இது பெரும்பாலும் பிழையாகவே இருக்கும். எனவே டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர் எச்சரிக்கைக்குக் காரணமான, ஒன்றுபோல் தோன்றிய இரண்டு வரிகளை நீக்கினார், அந்த மாற்றம் 2006 செப்டம்பரில் வெளியாயிற்று. நூலகத்தை எழுதுவோரிடம் அவர் முன்பே கேட்டும் இருந்தார், தடை எழவில்லை. எச்சரிக்கை மறைந்தது.

ஆனால் திரட்டிய எண்களைக் கலவையில் சேர்ப்பதே அவற்றுள் ஒரு வரியின் வேலை! அது போனபின் எஞ்சியது, இயங்கும் நிரலுக்கு இயக்க அமைப்பு கொடுக்கும் அடையாள எண் மட்டுமே. அதன் உச்சவரம்பு 32,768. ஆகவே, தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைவதற்காக ஒரே வகைக் கணிப்பொறியில் ஒரே அளவில் ஆக்கப்படும் சாவிகள், 32,768 வகைகளுக்கு மேல் உண்டாக வழியில்லாமல் போயிற்று. அத்தனையையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது கணிப்பொறிக்கு எளிய வேலை.

சாவி பூட்டியது, திறந்தது. சோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் இதனைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளியாயிற்று. இருபது மாதங்கள் கழிந்திருந்தன. அந்தச் சாவிகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதியன செய்ய வேண்டியதாயிற்று.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? எச்சரிக்கையை அடக்குவது பிழை நீக்கம் ஆகாது. வெப்பமானியைத் தூக்கி எறிந்துவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?

சோதனையில் கேட்கும் கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். 'சாவி திறக்கிறதா?' என்று மட்டுமே கேட்டார்கள். 'ஒரே சாவி மறுபடியும் வருகிறதா?' என்று கேட்டிருந்தால்? 32,769 சாவிகளை ஆக்கினால் இரண்டாவது ஒன்றுபோல் இருந்தே தீரும். இதை அறிய உங்கள் பள்ளிக் கணக்கே போதும்!

திறந்த மூலமாக இருந்தாலே பாதுகாப்பு என்று சிலர் கூறுவர். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. நிரல் திறந்திருந்ததால்தான் பிழையைக் கண்டு திருத்த முடிந்தது, உண்மையே. ஆனால் இருபது மாதங்களும் அது திறந்தே கிடந்ததல்லவா? கதவு திறந்திருந்தால் போதாது. உள்ளே சென்று பார்ப்பவர் வேண்டும்.

விடை சரியாக வந்தால் போதும், மதிப்பெண் கிடைத்துவிடும் என்ற எண்ணம் நம் பள்ளி ஆய்வுக்கூடங்களில் மாற வேண்டும். பிழை வந்தது ஏன் என்று விளக்கும் மாணவருக்கும் மதிப்பெண் தர வேண்டும் என்பேன். அடுத்த முறை உங்கள் நிரலில் எச்சரிக்கை ஒன்று தோன்றினால், அந்த வரியை உடனே அழித்துவிடாதீர்கள். அந்த வரி எதற்காக இருக்கிறது, எச்சரிக்கை ஏன் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், அதைத் தொடும் நேரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று பொருள்.

தோலைப் பார்த்தது போதும். கொட்டையைப் பிளந்து பாருங்கள்!