‘டடக்... டடக்...’ சத்தம் வருதா? பைக் செயினை வீட்டிலேயே டைட் பண்ணலாம்!

கியர் மாற்றும்போது ஓர் உதறல், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் ‘டடக்’ சத்தம்... இரண்டும் இருந்தால், முதலில் பார்க்க வேண்டியது செயினை.

செயின் ரொம்ப லூஸாக இருந்தால், ஓடும்போதே ஸ்பிராக்கெட்டிலிருந்து கழன்று பின்சக்கரத்தை லாக் செய்துவிடலாம். நெடுஞ்சாலை வேகத்தில் இது உயிருக்கே ஆபத்து. ‘அப்படியானால் நன்றாக டைட் வைத்துவிடலாமே’ என்று நினைக்காதீர்கள். ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும். அதற்கு இடமில்லாவிட்டால் பேரிங்குகள் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

எப்படி செக் செய்வது?

இன்ஜினை ஆஃப் செய்து, சாவியை எடுத்துவிடுங்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு நியூட்ரலில் வையுங்கள். இரண்டு ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவில், செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்து, ஸ்கேலால் அளந்து பாருங்கள். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளுக்கு 20 முதல் 30 மி.மீ அசைவு இருக்கலாம். ஆனால், உங்கள் பைக்கின் மேனுவலில் உள்ள அளவுதான் இறுதி. முழுதாக மூடிய செயின் கவர் என்றால், அதிலுள்ள ரப்பர் மூடியைத் திறந்து பார்க்கலாம்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கைந்து இடங்களில் பாருங்கள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. அதிக டைட்டான இடத்தில் கிடைக்கும் அளவையே கணக்கில் எடுங்கள்.

டைட் செய்யும் முறை

1. பின்சக்கர ஆக்ஸில் நட்டைத் தளர்த்துங்கள். சில மாடல்களில் ஸ்பிராக்கெட் பக்கம் இன்னொரு பெரிய நட் இருக்கும். அதையும் தளர்த்த வேண்டும்.

2. இரு பக்கமும் உள்ள அட்ஜஸ்டர் நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக, சமமாகத் திருப்புங்கள். இரு பக்கக் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகிவிடும்.

3. ஆக்ஸில் நட்டை நன்றாக இறுக்கிவிட்டு, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறலாம்.

4. பலர் மறப்பது இதைத்தான்: சக்கரம் பின்னால் நகர்ந்ததால், டிரம் பிரேக் உள்ள பைக்குகளில் பின் பிரேக்கும் இறுகியிருக்கும். சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பிரேக் லைட் சரியாக எரிந்து அணைகிறதா என்று பார்த்து, பிரேக்கை அட்ஜஸ்ட் செய்யுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

சிலர் இன்ஜினை ஓடவிட்டு, கியரில் சக்கரத்தைச் சுற்றவைத்து, துணியால் செயினைத் துடைப்பார்கள். துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். துடைப்பதோ, லூப் போடுவதோ, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் செய்ய வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடவே வேண்டாம்.

எப்போது மாற்ற வேண்டும்?

பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தாலோ, பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தாலோ, அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்கே வந்துவிட்டாலோ, இனி டைட் செய்து பயனில்லை. செயினை மட்டும் மாற்றாமல், இரண்டு ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாக மாற்றுங்கள். பழைய பற்களில் புதுச் செயின் சீக்கிரமே வீணாகிவிடும்.

ஆக்ஸில் நட்டைச் சரியாக இறுக்கியிருக்கிறோமா என்று சின்ன சந்தேகம் இருந்தாலும், வண்டியை ஓட்டாமல், மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவருக்கு அது இரண்டு நிமிட வேலைதான்!