உமிழ்நீர் வற்றினால்



ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வழங்கும்போது ஒரு காட்சி சில மாதங்களாக என் கண்ணிற்பட்டு வந்தது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அப்பத்தை வாங்கிக்கொண்டு தூணருகே போய், வாய் திறவாமல் வெகுநேரம் நிற்பார். பக்தி மிகுதி என்றே நான் எண்ணியிருந்தேன். என் பேதைமையை என்னென்பது! விழுங்க முடியாமல் திணறியிருக்கிறார்.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வளாகத்தில், ஓர் உதிரிப்பாகத் தொழிற்கூடத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர் அவர். ஒரு நாள் பங்கு இல்லத்திற்கு வந்து, "சாமி, வாயில் எச்சிலே ஊறவில்லை. தண்ணீர் குடித்தால்தான் சோறு இறங்குகிறது. இரண்டு வருடத்தில் ஆறு பல் போய்விட்டது. பல் விளக்காதவள் என்று வீட்டில் ஏசுகிறார்கள்" என்று அழுதார். அழுதார் என்று எழுதிவிட்டேன், கண்ணீர் வரவில்லை. கண்ணும் வறண்டிருந்தது.

பற்களைப் பிடுங்கியவர்கள் காரணம் தேடவில்லை. பின்னர்ப் பார்த்த பல் மருத்துவர் ஒருவர்தாம், "கண் உறுத்துகிறதா? மூட்டு வலிக்கிறதா?" என்று வினவினார். இரத்தப் பரிசோதனையும், கீழுதட்டின் உட்புறத்திலிருந்து எடுத்த சிறு சுரப்பிகளின் சோதனையும் நோயை உறுதி செய்தன. நோயின் பெயர் ஷோக்ரன். ஹென்ரிக் ஷோக்ரன் என்னும் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர், கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களைப் பற்றி 1933-ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வேட்டினால் வந்த பெயர் அது. கிருமிகளோடு போரிட வேண்டிய உடலின் காவற்படை, தன் சொந்த உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் பகையென்று கருதித் தாக்குகிறது. இந்நோய் காண்பவருள் மிகப் பெரும்பாலோர் பெண்களே.

உமிழ்நீரை நாம் இழிவாகவே பேசிப் பழகிவிட்டோம். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்நீரே உணவுத் துணுக்குகளைக் கழுவி, கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணித்து, பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்தை மீட்டுத் தருகிறது. அது வற்றினால், ஈறோரத்தில் வேர்ப்பக்கமாகச் சொத்தை விழும். நாவிலும் கடைவாயிலும் காளான் படரும். பொய்ப்பல் கட்டினாலும் ஒட்டி நிற்காது. நாள்தோறும் ஒழுங்காகப் பல் துலக்குபவருக்கும் இவை வரும். இதை அந்த வீட்டாரிடம் நானே நேரிற் போய்ச் சொன்னேன்.

ஆனால் அறியாமற் செய்த தவறொன்றும் அவரிடம் இருந்தது. வறட்சிக்குப் பரிகாரமாக ஷிப்டு முழுவதும் புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வாராம். எச்சிலற்ற வாயில் சர்க்கரையும் புளிப்பும் பல்லை அரித்துவிடும். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், சைலிட்டால் சேர்ந்த சர்க்கரையில்லாப் பசைமிட்டாய், இரவில் தவறாமல் ஃபுளோரைடு பற்பசை, சில மாதங்களுக்கொரு முறை பல் மருத்துவரிடம் ஃபுளோரைடு பூச்சு: இவையே அவருக்குச் சொல்லப்பட்டவை. சுரப்பியில் உயிர் மிஞ்சியிருந்தால் பைலோகார்பைன் மாத்திரை உமிழ்நீரைத் தூண்டும்; ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். காதடியில் வீக்கம் வந்து வடியாமல் நின்றால் தாமதிக்கலாகாது. அரிதாக அது நிணநீர்ப் புற்றாகவும் இருக்கக்கூடும். வறண்ட வாயெல்லாம் ஷோக்ரன் ஆகிவிடாது. சர்க்கரை நோயும், ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் சில மாத்திரைகளும் வாயை வறட்டும்.

சென்னைக் கோட்டை இரயில் நிலையத்திற்கு எதிரேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், இராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையின் முடக்குவாதப் பிரிவிலும் இதனைக் காட்டலாம்.

இன்னொன்று. நற்கருணை உபவாசம் கெடுமென்று அவர் காலையிலிருந்து தண்ணீரும் குடியாமல் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தாராம். தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1953-லேயே அறிவித்துவிட்டார், மருந்துக்கும் தடையில்லை. இத்தனை ஆண்டுகள் பிரசங்கம் செய்தும் இதை நான் ஒருமுறையும் சொன்னதில்லை. இப்பொழுது அவர் சிறு தண்ணீர்ப் புட்டியுடன் முன்வரிசையில் அமர்கிறார். நானும் அப்பத்தில் சிறு துண்டே பிட்டுக் கொடுக்கிறேன்.