எண்ணெயும் நீரும்

2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி எண்ணூருக்கு அப்பால் கடலில் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘டான் காஞ்சிபுரம்’. கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஜனங்கள் வாளிகளைக் கொண்டு அள்ளிய காட்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் வெள்ளத்துடன் மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அப்போதும் மீனவ சகோதரர்களே படகேறிச் சென்று அதை அள்ளினார்கள். இடையே கழிந்த ஏறக்குறைய ஏழு வருஷங்களில் நாம் கற்றது என்ன?

மிதக்கும் எண்ணெயையேனும் கையால் அள்ளலாம். பாலில் வெண்ணெய் கலந்திருப்பதுபோல், நீரில் நுண்துளிகளாகக் கலந்த எண்ணெயை அள்ள இயலாது. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கிலும் சிறிய துளிகள் தாமாக மேலே வந்து சேர்வது அரிது. அவற்றைத் தடுக்க வல்லது மிக நுண்ணிய துவாரங்களுள்ள சவ்வு. ஆனால் எண்ணெய் சவ்வின்மேல் படிந்து துவாரங்களை அடைத்துவிடும். இதுவே இம்முறைக்கு நெடுநாளைய இடையூறு.

பரிகாரம் நம் வீடுகளில் அறியாததன்று. நன்றாக நனைந்த பருத்தித் துணியில் எண்ணெய் எளிதில் ஊறுவதில்லை. அவ்வாறே, நீரை விரும்பிப் பற்றும் பொருளைச் சவ்வின்மேல் பூசினால், மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எண்ணெய்க்குத் தடையாக நிற்கிறது. நீருக்குள் மீன் செதிலில் எண்ணெய் ஒட்டாமைக்கும் இதுவே காரணமென்று சீன விஞ்ஞானிகள் 2009-ல் விளக்கினர். மீன் கற்பித்த பாடத்தை மீனைக் காக்கவும் பயன்படுத்த வேண்டாமா? உப்பு நீரைக் குடிநீராக்கும் சவ்வை 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் லோப் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். ஆகவே இத்துறை நமக்கு அந்நியமன்று.

சவ்வு கடலைத் துடைக்கும் மந்திரக்கோலன்று. புயல் வெள்ளத்தையும் அது தடுக்காது. அதற்கு உறுதியான அணைகளும் தேக்கங்களும் வேண்டும். சவ்வின் இடம் ஆலையின் வாயில். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய நம் சுற்றுப்புறங்களில் மோட்டார்த் தொழில் பெருகியுள்ளது. உலோகம் கடையும் யந்திரங்களைக் குளிர்விக்கும் எண்ணெய் நீர், சவ்வினால் பிரிப்பதற்கு மிகவும் ஏற்றது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவு நீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருத்தலாகாதென்பது 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் விதிகளில் கண்ட பொது அளவு. அந்த அளவு காகிதத்தில் மட்டும் இருந்து பயனில்லை.

செலவு அதிகமென்று முதலாளிகள் கூறலாம். வலையும் படகும் கறுத்து, வேலையிழந்து நின்ற மீனவனின் நஷ்டம் எந்தக் கணக்குப் புஸ்தகத்தில் ஏறியிருக்கிறது? ஆலைதோறும் வெளியேறும் நீரின் அளவீட்டை ஊரார் அறியத் தமிழில் பிரசுரிக்கும்படி சர்க்கார் கட்டளையிட வேண்டும். எண்ணெய் படியாத சவ்வுகளை இங்கேயே மலிவாகச் செய்ய நம் கலாசாலைகளுக்குத் தாராளமாகப் பொருளுதவி அளிக்க வேண்டும். தேசத் தொண்டர்கள் தத்தம் ஊரில் இவ்விரண்டையும் இடைவிடாது கேட்க வேண்டும். கேளாத ஊருக்கு மீண்டும் வாளிதான் கிடைக்கும்.